பிள்ளைக் கடத்தல் வழக்குகளில் ஜாமீன்: நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?



"எங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு எப்படி ஜாமீன் கொடுத்தார்கள்? அவன் மேல் குற்றமில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதா?" நமது அறக்கட்டளையின் சட்ட உதவிப் பிரிவுக்கு வருகிற கேள்விகளில் மிகுந்த மனவேதனையோடு கேட்கப்படுவது இது. அதே மேசைக்கு மறுதரப்பும் வருகிறது. "என் மகன் வண்டி ஓட்டினான், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை யாருடையது என்றே அவனுக்குத் தெரியாது. மூன்று மாதமாக உள்ளே இருக்கிறான்" என்று சொல்லி அழுகிற தாய்மாரும் உண்டு.

இந்த இரு தரப்புக்கும் விடை சொல்வது ஒரே சட்டம்தான். அதை நம் மக்கள் தெளிவாக அறிந்திருந்தால் வீண் பயமும் குறையும், வீண் கோபமும் குறையும். முக்கியமாக, நீதிமன்றத்தில் செய்ய வேண்டியதை உரிய நாளில் செய்ய முடியும். ஆகவே இந்த இதழின் சட்டப் பாடமாக இதை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஜாமீன் மனுவை விசாரிக்கிற நீதிபதி, "இவர் குற்றம் செய்தாரா?" என்று முடிவு செய்ய அமர்ந்திருக்கவில்லை. "வழக்கு முடியும்வரை இவரை வெளியே விட்டால் என்ன நடக்கும்?" என்பதே அவர் முன்னுள்ள கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் தாள்களும் ஆட்களும் அன்றைக்கு அவர் முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு எந்தப் பக்கமும் சாயலாம்.

ஜாமீன் என்பது என்ன?

தீர்ப்பு வரும்வரை ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு அவருடைய சுதந்திரத்தையும் காக்கிறது. 1977ஆம் ஆண்டு ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு என்ற கொள்கையை வலியுறுத்தினார். 1979இல் பீகார் சிறைகளைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, தங்கள் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தையும் தாண்டி, விசாரணையே தொடங்காமல் அடைபட்டுக் கிடந்த ஏழைகளின் நிலை நாட்டுக்குத் தெரிய வந்தது. வழக்கறிஞர் வைக்கவும் ஜாமீன்தாரர் கொண்டுவரவும் வழியில்லாதவர்கள் அவர்கள்.

அதனால்தான் சட்டம் ஜாமீனைத் தாராளமாகப் பார்க்கச் சொல்கிறது. நம் சமுதாய இளைஞர்கள் விசாரணைக் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் சிறையில் இருக்கும்போது நாம் எந்தக் கொள்கையை எடுத்துச் சொல்லி வாதாடுகிறோமோ, அதே கொள்கைதான் பிள்ளைக் கடத்தல் வழக்கிலும் நிற்கிறது. நமக்கு வேண்டும்போது ஒரு சட்டம், மற்றவர்க்கு வேறு சட்டம் என்று கேட்க முடியாது. ஆனால் அந்தக் கொள்கைக்கு எல்லைகள் உண்டு. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கில் அந்த எல்லைகள் மிகக் கண்டிப்பானவை.

எந்தப் பிரிவில் வழக்கு?

ஜாமீன் கிடைக்குமா என்பதில் பாதி, முதல் தகவல் அறிக்கை எழுதப்படும்போதே முடிவாகிவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறையில் உள்ளன. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

புதிய சட்டத்தின் 137ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து அவர் சம்மதமின்றிக் கொண்டுபோவதைக் கடத்தல் என்கிறது. பழைய சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 என்று இருந்தது. இப்போது இருவருக்கும் 18. தண்டனை ஏழு ஆண்டுவரை. பலருக்கு வியப்பளிக்கும் செய்தி என்னவென்றால், மத்தியச் சட்டத்தின் அட்டவணைப்படி இந்தச் சாதாரணக் கடத்தல் குற்றம் ஜாமீனில் விடத்தக்க குற்றம். அதாவது இந்த ஒரு பிரிவு மட்டும் போடப்பட்டிருந்தால், ஜாமீன் கேட்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. நீதிபதி மறுக்க இடமில்லை.

கடத்தலின் நோக்கம் வெளிப்படும்போது நிலைமை தலைகீழாக மாறுகிறது. பிச்சை எடுக்கவைக்கக் கடத்தினால் 139ஆம் பிரிவு: குறைந்தது பத்து ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். பிச்சைக்காக உறுப்பைச் சிதைத்தால் குறைந்தது இருபது ஆண்டு. கொலை செய்யும் நோக்கமோ, பணம் பறிக்கக் கொலை அல்லது காயம் செய்வதாக மிரட்டலோ இருந்தால் 140ஆம் பிரிவு. பணம் பறிப்பதற்கான கடத்தலுக்கு மரண தண்டனைகூட உண்டு. சுரண்டலுக்காக ஒரு பிள்ளையை ஆள் கடத்தல் வணிகத்தில் தள்ளினால் 143ஆம் பிரிவின்படி குறைந்தது பத்து ஆண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் குறைந்தது பதினான்கு ஆண்டு. இவை அனைத்தும் ஜாமீனில் விட முடியாத குற்றங்கள். பிள்ளையை விற்பதும் வாங்குவதும் சிறார் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவிலும் குற்றமாகும். பாலியல் குற்றம் நடந்திருந்தால் போக்ஸோ சட்டமும் சேரும்.

"ஜாமீனில் விட முடியாத குற்றம்" என்ற சொல்லைக் கேட்டு ஜாமீனே கிடையாது என்று எண்ணிவிடக் கூடாது. அது உரிமையாகக் கிடைக்காது. நீதிபதி எடைபோட்டுப் பார்த்துக் கொடுக்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம் என்பதே அதன் பொருள்.

புகார் கொடுக்கும்போது ஒவ்வொரு விவரமும் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஹைதராபாத்தில் ஒரு ஆட்டோ ஓட்டுநர் ஒரு பள்ளி மாணவனைக் கடத்தி, தந்தையிடம் இரண்டு லட்சம் ரூபாய் கேட்டார். கீழ் நீதிமன்றம் பணம் பறிப்புக் கடத்தல் என்று ஆயுள் தண்டனை கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கொலை செய்வதாகவோ காயப்படுத்துவதாகவோ மிரட்டல் இருந்தது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, சாதாரணக் கடத்தலுக்கான ஏழு ஆண்டுத் தண்டனையாகக் குறைத்தது. தொலைபேசியில் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள், எந்த வார்த்தையில் மிரட்டினார்கள் என்பதெல்லாம் முதல் நாளே பதிவாக வேண்டியதன் அவசியம் இதிலிருந்து விளங்கும். அதற்காக நடக்காததைச் சேர்த்துச் சொல்வது பெரும் தவறு. முதல் புகாருக்கும் பிந்திய வாக்குமூலத்துக்கும் முரண்பாடு தெரிந்தால், எதிர்த்தரப்பு ஜாமீன் மனுவில் முதல் வாதமே அதுவாகத்தான் இருக்கும்.

யாரிடம் மனு போடுவார்கள்?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுப்பது 480ஆம் பிரிவின் கீழ். மரணமோ ஆயுளோ தண்டனையாக உள்ள குற்றம் செய்ததாக நம்பக் காரணம் இருந்தால் அவர் பொதுவாக விட முடியாது. பெண்கள், சிறார், நோயாளிகள் ஆகியோருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஆகவே கடுமையான கடத்தல் வழக்குகளில் மனு 483ஆம் பிரிவின் கீழ் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகும். கைதாகும் முன்பே கேட்பது முன்ஜாமீன்; அது 482ஆம் பிரிவு.

குற்றம் சாட்டப்பட்டவரே 18 வயதுக்குட்பட்டவராக இருந்தால் வழி வேறு. சிறார் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பொதுவாக அவரை விடவே சொல்கிறது. விட்டால் குற்றவாளிகளின் சேர்க்கையில் போய் விழுவார், ஆபத்துக்கு ஆளாவார், அல்லது நீதியின் நோக்கமே கெடும் என்றால்தான் மறுக்கலாம்.

நீதிபதி எடைபோடும் கேள்விகள்

2010இல் ஒரு கொல்கத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் மனுவில் பார்க்க வேண்டியவற்றைத் தொகுத்துச் சொன்னது. குற்றம் செய்ததாக நம்ப முதல் நோக்கிலேயே காரணம் உண்டா? குற்றத்தின் தன்மையும் கடுமையும் எப்படி? தண்டனை எவ்வளவு பெரியது? ஓடிவிடுவாரா? அவருடைய நடத்தை, வசதி, செல்வாக்கு என்ன? மீண்டும் அதே குற்றம் செய்வாரா? சாட்சிகளைக் கலைப்பாரா? நீதி தடைபடுமா? இந்த எட்டும் எல்லா வழக்குக்கும் பொதுவானவை. பிள்ளைக் கடத்தல் வழக்கில் இவை என்ன உருவம் எடுக்கின்றன என்று பார்ப்போம்.

பிள்ளை கிடைத்துவிட்டதா? இது முதல் கேள்வி. பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை என்றால், காவலில் வைத்து விசாரிக்க வேண்டிய தேவை தெளிவாக இருக்கிறது. அந்த நிலையில் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். பிள்ளை கிடைத்து, வாக்குமூலமும் பதிவாகிவிட்டால் அந்தக் காரணம் பலவீனமாகிறது.

இவருடைய பங்கு என்ன? பிள்ளையைத் தூக்கியவர், வண்டி ஓட்டியவர், இடம் கொடுத்தவர், தரகர், விலைக்கு வாங்கியவர் என்று ஒரு வழக்கில் பலர் இருப்பார்கள். எல்லாரையும் ஒரே தட்டில் நீதிமன்றம் வைப்பதில்லை. தெரிந்து செய்தாரா, தெரியாமல் சிக்கினாரா என்பதைத் தொலைபேசி அழைப்புகள், பணப் பரிமாற்றம், சி.சி.டி.வி. பதிவு ஆகியவை காட்டும். மேலே சொன்ன வண்டி ஓட்டிய இளைஞனைப் போன்றவர்களுக்கு இதுவே உண்மையான வாதம். உடன் குற்றவாளி ஒருவருக்கு ஜாமீன் கிடைத்திருந்தால், "எனக்கும் அதே நிலை" என்று மற்றவர் கேட்கலாம். ஆனால் பங்கு சமமாக இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும்.

இது தனி ஒருவர் செய்ததா, கும்பலா? கும்பலாக இருந்தால் மீண்டும் நடக்கும் என்ற அச்சம் நியாயமானது. முன்வழக்குகள் இருந்தால் அது மேலும் வலுப்படும்.

சாட்சி யார்? கடத்தல் வழக்கில் முதன்மைச் சாட்சி பெரும்பாலும் அந்தப் பிள்ளையே. குற்றம் சாட்டப்பட்டவர் அடுத்த தெருவில் இருந்தால், பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் அவரைக் கடக்க வேண்டியிருந்தால், அதை நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தெருவும் அந்த வழியும் நீதிபதிக்குத் தெரியாது. யாராவது சொன்னால்தான் தெரியும்.

சிறையில் எவ்வளவு காலம்? விசாரணை எப்போது முடியும்? வழக்கு நகராமல் கிடந்தால், காலம் செல்லச் செல்ல ஜாமீன் பக்கம் தட்டு சாய்கிறது. ஆகவே வழக்கை விரைவாக நடத்தச் சொல்வதும் பிள்ளையின் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு.

வாரணாசி வழக்கு தரும் பாடம்

இந்தக் கேள்விகள் சரியாகக் கேட்கப்படாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 2025 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு பெரிய சான்று. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அந்த அமர்வில் இருந்தார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் வாரணாசியில் சாலையோரத்தில் வாழ்ந்த ஏழைகளின் குழந்தைகள் கடத்தப்பட்டு, மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்பட்டன. பலர் கைதானார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு ஜாமீன் வழங்கியது. வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற சாதாரண நிபந்தனைகூட விதிக்கப்படவில்லை. வெளியே வந்தவர்களில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்பதே காவல்துறைக்குத் தெரியாமல் போனது. இதை எதிர்த்து மாநில அரசு மேல்முறையீடு செய்யவில்லை. குழந்தையைப் பறிகொடுத்தவர்களே உச்ச நீதிமன்றத்தின் படியேறினார்கள்.

உச்ச நீதிமன்றம் 13 பேரின் ஜாமீனை ரத்து செய்து சரணடையச் சொன்னது. உயர் நீதிமன்றம் இந்த மனுக்களை அலட்சியமாகக் கையாண்டது என்றும், அரசு காட்டிய அசட்டை வருத்தத்துக்குரியது என்றும் கண்டித்தது. நான்கு லட்சம் ரூபாய் கொடுத்து ஆண் குழந்தை வாங்கிய ஒருவரைப் பற்றிப் பேசும்போது, பிள்ளை வேண்டும் என்ற ஆசை கடத்தப்பட்ட குழந்தையை வாங்குவதற்கு நியாயம் ஆகாது என்று தெளிவுபடுத்தியது. வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க உத்தரவிட்டது. நாடெங்கும் நிலுவையில் உள்ள பிள்ளைக் கடத்தல் வணிக வழக்குகளின் நிலையை எல்லா உயர் நீதிமன்றங்களும் கேட்டறிந்து, ஆறு மாதத்துக்குள் முடிக்கச் செய்ய வேண்டும் என்றது. மருத்துவமனையிலிருந்து பச்சிளம் குழந்தை கடத்தப்பட்டால், பிற நடவடிக்கைகளோடு முதல் வேலையாக அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் சொன்னது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெற்றோர் படித்தவர்களோ வசதியுள்ளவர்களோ அல்ல. ஆனாலும் ஒரு ஜாமீன் உத்தரவோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அவர்கள் விட்டிருந்தால், மற்ற மாநிலங்களின் பிள்ளைகளையும் காக்கும் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

அறுபது நாள், தொண்ணூறு நாள்

நீதிபதி எதையும் எடைபோடாமலே ஜாமீன் கொடுத்தாக வேண்டிய ஒரு நிலை உண்டு. 187ஆம் பிரிவின்படி, குற்றத்துக்கான தண்டனை மரணம், ஆயுள் அல்லது பத்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 90 நாட்களுக்குள், மற்றவற்றில் 60 நாட்களுக்குள் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். ரிமாண்ட் ஆன நாளிலிருந்து கணக்கு. தாக்கல் ஆகாவிட்டால், ஜாமீன்தாரர் தரத் தயாராக உள்ளவர் மனு போட்டதும் விட்டாக வேண்டும். குற்றம் எவ்வளவு கொடியது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

பல குடும்பங்கள் இதை அறியாமல், "நீதிமன்றம் விட்டுவிட்டது" என்று குமுறுகின்றன. உண்மையில் அங்கு தவறியது புலன்விசாரணையின் கால அட்டவணை. ஆகவே ரிமாண்ட் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பதாவது நாளும் எண்பதாவது நாளும் விசாரணை அதிகாரியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கு 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 193ஆம் பிரிவு சொல்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

குடும்பத்துக்குள்ளேயே கடத்தல்

நம்மிடம் வரும் புகார்களில் இரண்டு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பிரிந்து வாழும் கணவன் மனைவியரில் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது. தந்தை இயற்கைப் பாதுகாவலர் என்பதால், நீதிமன்றத் தடை உத்தரவு எதுவும் இல்லாத நிலையில் அவர் மேல் கடத்தல் குற்றம் சாட்ட முடியாது என்று 2023இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னது. இப்படிப்பட்ட வழக்கில் கைதும் ஜாமீனும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவராது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும், 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் பிள்ளையின் பொறுப்பைக் கேட்கும் மனுவுமே உரிய வழி. ஹிளானத் என்னும் வளர்ப்புரிமை தாய்க்கு உண்டு என்பதை நாம் அறிவோம். நீதிமன்றமும் தனியார் சட்டத்தைப் பார்க்கும். ஆனால் இறுதியில் பிள்ளையின் நலன் எதில் இருக்கிறது என்பதையே முதன்மையாகக் கொள்ளும். வெளிநாட்டு வேலையில் உள்ளவர்கள் அதிகம் இருக்கும் நம் ஊர்களில் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. பிள்ளை விமானம் ஏறிய பிறகு மீட்பது நெடும் பயணம். சந்தேகம் வந்தவுடனேயே தடை உத்தரவு கேட்க வேண்டும்.

இரண்டாவது, வயதுக்கு வரும் பருவத்துப் பெண் ஒருவனோடு போய்விட்டால், குடும்பம் கடத்தல் என்று புகார் கொடுப்பது. அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கில், 1964இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைச் சொன்னது. விவரம் புரியும் வயதை எட்டிய பெண் தானே வீட்டை விட்டு வந்து ஒருவரோடு போனால், அவர் அவளைத் தூண்டியோ வற்புறுத்தியோ இருந்தாலன்றி, "கொண்டுபோனார்" என்று சொல்ல முடியாது என்பதே அது. ஆகவே ஜாமீன் நீதிமன்றம் அந்தப் பெண் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் அவளுடைய வயதையும் கூர்ந்து பார்க்கும். அவள் 18 வயதுக்குட்பட்டவளாக இருந்து பாலியல் உறவும் நடந்திருந்தால், சம்மதம் இருந்தாலும் போக்ஸோ சட்டம் வந்துவிடும், நிலைமை கடுமையாகும். வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்று. அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவச் சோதனை.

பிள்ளையின் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

1. பிள்ளை காணவில்லை என்றால் ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். 112 அல்லது 1098 எண்ணை அழையுங்கள். காணாமல் போன பிள்ளை பற்றிய ஒவ்வொரு புகாரிலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. அறிக்கையின் நகல் இலவசம்.

2. எந்தப் பிரிவுகள் போடப்பட்டுள்ளன என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மிரட்டல், விற்பனை, பிச்சை போன்ற உண்மைகள் பின்னர் தெரியவந்தால், பிரிவுகளை மாற்றக் கோரி எழுத்துமூலம் மனு கொடுங்கள்.

3. ஜாமீன் மனு வந்தால் உங்களுக்கும் பேச உரிமை உண்டு. லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் வழங்கிய ஜாமீனை ரத்து செய்து, புலன்விசாரணை முதல் மேல்முறையீடு வரை அவர்களுக்குப் பங்கேற்கும் உரிமை உண்டு என்றது. பிள்ளையின் பாதுகாவலரும் சட்டத்தின் பார்வையில் பாதிக்கப்பட்டவரே. வழக்கறிஞர் மூலம் இடையீட்டு மனு போடலாம். அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தன் வழக்கறிஞரை வைக்கவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

4. அந்த மனுவில் கோபத்தை எழுதாமல் உண்மைகளை எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் வீடு எத்தனை மீட்டர் தூரம், யார் வந்து சமாதானம் பேசினார்கள், எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறதா, இரவில் உறங்குகிறதா, மருத்துவர் என்ன சொன்னார் ஆகியவைதான் நீதிபதிக்குத் தேவை.

5. ஜாமீன் கொடுப்பது உறுதி என்று தெரிந்தால், நிபந்தனைகளைக் கேளுங்கள். ஊருக்குள் வரக் கூடாது, பிள்ளையையும் சாட்சிகளையும் நெருங்கக் கூடாது, தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்பவை வழக்கமானவை. ஜாமீன் உத்தரவில் நிபந்தனை இல்லாமல் போவதைத் தடுப்பதே சில சமயம் பெரிய வெற்றி.

6. நிபந்தனை மீறினால் தேதி, நேரம், சாட்சியோடு குறித்துவைத்து, ரத்து மனு போடுங்கள். ரத்துக்கு இரண்டு வழி உண்டு. வெளியே வந்தவர் மிரட்டினார், ஓடினார் என்பது ஒன்று. கொடுத்த உத்தரவே முக்கியமான உண்மைகளைப் பார்க்காமல் கொடுத்தது என்பது மற்றொன்று. வாரணாசி வழக்கு இரண்டாவது வகை.

7. அச்சம் இருந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் மனு கொடுக்கலாம்.

8. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. காவலில் இருப்பவர்களுக்கும் அது உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்துக்கும் இரண்டு வார்த்தை. பிள்ளையின் வீட்டுக்குப் போய் "புகாரைத் திரும்பப் பெறுங்கள்" என்று கெஞ்சுவதும் பெரியவர்களை அனுப்புவதும் உதவி அல்ல. அது சாட்சியைக் கலைக்கும் முயற்சியாகவே நீதிமன்றத்தில் பேசப்படும். கிடைக்க வேண்டிய ஜாமீனும் போய்விடும். நிலையான முகவரி, வேலை, குடும்பப் பொறுப்பு, விசாரணைக்கு ஒத்துழைத்ததற்கான ஆதாரம் ஆகியவற்றைச் சேகரியுங்கள். கட்ட முடியாத அளவுக்கு ஜாமீன் தொகை விதித்தால் குறைக்கக் கோரலாம். ஏழைக்கு எட்டாத தொகை ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்பது 1978 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லிவரும் நிலைப்பாடு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "ஜாமீனில் விட்டுவிடுவார்கள், நாமே பார்த்துக்கொள்வோம்" என்ற பேச்சு நம் தெருக்களிலும் கேட்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியில் ஊர் கூடி அவரை அடித்தே கொன்றது. அவர் எந்தப் பிள்ளையையும் கடத்தவில்லை. நீதிமன்றம் பல கேள்விகளைக் கேட்டு, தாள்களைப் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்வது எதற்காக என்று யாராவது கேட்டால், இந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும். சந்தேகம் வந்தால் 112ஐ அழைப்பதும், அந்த நபர்மேல் கை படாமல் காவல்துறை வரும்வரை காப்பதும் நம் கடமை. ஜமாஅத் நிர்வாகிகள் இதைத் தங்கள் மஹல்லா இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஜாமீன் உத்தரவு வந்த நாளில் வழக்கு முடிவதில்லை. பிள்ளை கூண்டருகே நின்று தன் வாயால் சொல்லும் நாள் இனிமேல்தான் வரப்போகிறது. அந்த நாள்வரை பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, பள்ளியை விடாமல், பயத்தை மாற்றி, நீதிமன்றத் தேதிகளைத் தவறாமல் பார்த்துக்கொள்வதே குடும்பத்தின் பெரிய வேலை. முதல் தகவல் அறிக்கையின் நகலோடு நம் அலுவலகத்துக்கு வருகிற எந்தக் குடும்பத்துக்கும், அது எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும், மனு எழுதவும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லவும் நாம் துணையிருப்போம், இன்ஷா அல்லாஹ்.